பன்னிரண்டு, பன்னிரண்டரை, ஒன்று

1

2017 ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை. 5.10க்கு எழுந்தேன். இரவு மழை, பால்கனியில் காயப்போட்ட துணி மறுபடி நனைந்திருந்தது. 5.40க்குக் காப்பி. 6.25க்கு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பென்தான் சந்தைக்கு எதிரே மெட்ரோ வேலைக்காக அடைத்திருக்கும் தகரத் தடுப்பைச் சுற்றிப் போக ஏழு நிமிடம் கூடுதல். 6.55க்கு ஆய்வகம். காந்தத்தைக் குளிரவைக்கும் திரவ நைட்ரஜன் 71 விழுக்காடு, ஹீலியம் 64. அறை வெப்பம் 24.5. மூன்றையும் எழுதினேன். சந்திர மாதத்தின் முதல் நாள் என்பதால் யாரோ வாசலில் ஊதுபத்தியும் மூன்று வாழைப்பழமும் வைத்திருந்தார்கள்.

நான் வியட்நாமில், இந்தச் சைகோனில் இறங்கியது இதே தேதியில், பதினோரு ஆண்டுகளுக்கு முன். அன்றும் செவ்வாய்க்கிழமை. மனைவி சாரதாவுக்கு நினைவிருந்ததா தெரியவில்லை; அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களிடம் 'ஸ்கேன் மிஷின் மாதிரி ஒன்று' என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஆளையே உள்ளே தள்ளும் காந்தம் இருக்கிறதே, அதே குடும்பம். எங்களுடையதில் ஆள் போக முடியாது. சுண்டுவிரலைவிட ஒல்லியான கண்ணாடிக் குழாய் போகும். குழாய்க்குள் திரவப் படிகம். கால்குலேட்டர் திரையிலும் டிவி திரையிலும் இருக்கும் வகைப் பொருள்தான். திரவம் போலத் தளர்ந்திருக்கும், ஆனால் மூலக்கூறுகள் ஒரு திசை பார்த்து நிற்கும். எந்தத் திசை, எத்தனை ஒழுங்காக என்பதைக் காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எல்லாம் காந்தத்தின் திசையில் நின்றால் திரையில் இரண்டு கூர்மையான சிகரங்கள் எழும். கலைந்து நின்றால் அவற்றின் காலடியில் ஒரு மேடு பரவும்.

நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் பிடிவாதமானது. 58.3 டிகிரிக்கு மேல் வெறும் திரவம். அதற்குக் கீழே மூலக்கூறுகள் அடுக்கடுக்காகப் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொள்ளும் அந்த நேரத்தில்தான் காந்தம் அவற்றைத் திருப்ப முடியும். பூட்டிய பிறகு அசையாது. ஆகவே அந்த வாசலை மிக மெதுவாகக் கடக்க வேண்டும். அரை மணிக்குப் பத்தில் ஒரு டிகிரி. காலை 8.00க்கு 59.0. பிறகு 58.9, 58.8 என்று இறங்கி 11.30க்கு 58.3. அங்கே இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவேன். 1.30க்கு வந்து 58.2. வேறொரு நாட்டில் கழித்துக் கொடுத்த பழைய கருவி இது. வெப்பநிலையைத் தானாகப் பதிவு செய்யாது. அரை மணிக்கொரு முறை நான்தான் எழுதுவேன்.

இத்தனை மெதுவாகக் கடந்தும் ஆறில் ஒரு பங்கு திரும்பவில்லை. கண்ணாடிச் சுவரை ஒட்டி நிற்பவை காந்தத்துக்குப் பணிவதில்லை என்று ஆறு ஆண்டுகளுக்கு முன் கட்டுரை எழுதினேன். இந்த நாட்டில் என் பெயரை முதலாவதாகப் போட்டு வந்த ஒரே கட்டுரை அது.

2

9.20க்கு மின்னஞ்சல். வடக்கு ஐரோப்பாவில் ஒரு ஆய்வகம். முன்பின் தெரியாதவர்கள். உங்கள் முறைப்படியே ஒன்பது முறை குளிர்வித்தோம், எங்களுக்கு அந்த ஆறில் ஒரு பங்கு கிடைக்கவில்லை, முழுவதும் திரும்பிவிடுகிறது, உங்கள் வெப்பநிலைப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பதிவேட்டையா கேட்கிறாய், இந்தா என்று. ஆறு நோட்டுகள், நாற்பத்தொரு குளிர்விப்புகள், அடித்தல் திருத்தல் இல்லாத கட்டங்கள். அன்று காலையும் ஒரு குளிர்விப்பு ஓடிக்கொண்டிருந்தது, அது நாற்பத்திரண்டாவது.

என் அப்பா காரைக்கால் நகராட்சியில் குமாஸ்தா. மேல் வரியில் உள்ளதே கீழ் வரியிலும் என்றால் ௸ என்று ஒரு சுழி போடுவார். மேற்படி. பள்ளியில் யாரும் எனக்கு அதைக் கற்றுத் தரவில்லை. அவர் எழுதுவதைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. என் நோட்டுகள் முழுக்க ஆங்கிலம். அந்தச் சுழி மட்டும் தமிழ்.

பன்னிரண்டு, பன்னிரண்டரை, ஒன்று. நாற்பத்தொரு நாளிலும் அந்த மூன்று வரிகளில் ௸, ௸, ௸. 11.30க்குப் புறப்படும்போது 58.3. 1.30க்குத் திரும்பும்போதும் 58.3. நடுவில் வேறென்னவாக இருந்திருக்கப் போகிறது? நாற்காலியில் உட்கார்ந்ததும் மூன்று சுழியையும் போட்டுவிடுவேன். இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது ஒருநாளும் கூசவில்லை.

ஊரில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் மின்வெட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டர் எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். அதனால் கருவி ஓடும் நாளில் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்தபடியே சாப்பிட்டிருக்கிறேன். அங்கே எதையும் நம்பாமல் உட்கார்ந்து எழுதினேன். இங்கே கரண்ட் போகாது என்று நம்பி எழுந்து போனேன்.

11.40க்கு வீட்டுக்கு போன் செய்தேன்.

"சாப்பிட வரல."

"உடம்புக்கு என்ன?" என்றாள் சாரதா.

"ஒண்ணுமில்ல. நோட்ட எல்லாம் நகல் எடுக்கணும்."

"பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் வரலேங்கிறீங்க. சாதத்த என்ன பண்ண? பிசைஞ்சாச்சு."

அப்படியானால் அவளுக்கும் தேதி நினைவிருந்திருக்கிறது.

3

12.00க்கு எண் 58.3. நானே பார்த்து எழுதினேன்.

பக்கத்து அறையில் விளக்குகள் அணைந்தன. பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. இந்த ஊரில் மதியம் பன்னிரண்டானால் அலுவலகமே படுத்துவிடும். மேசைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டிலும் தலையணையும் வெளியே வரும். வந்த புதிதில் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இளக்காரம். வேலை நேரத்தில் தூங்குகிறவர்கள் என்று ஊருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் அங்கே இருக்கப் பிடிக்காமல்தான் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

12.04க்குக் கம்ப்ரசர் நின்றது. குழாயைச் சுற்றிச் சூடான காற்று ஓடச் செய்வது அதுதான். காற்று இல்லையென்றால் ஹீட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 58.3 என்பது 57.6 ஆயிற்று. 55. 51.

காலுறையோடு யாரோ நடந்து வரும் சத்தம். ஹான், எங்கள் ஆய்வக உதவியாளர். கையில் ஒரு சின்னத் தலையணை. ஆளில்லாத அறை என்று படுக்க வந்தவர் என்னைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ச்சோய் ஓய்! ஆன் சாமி, நீங்க ஏன் இங்க?"

ஆன் என்றால் அண்ணன். ஹான் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை சீ, அதாவது அக்கா என்கிறேன், அவர் என்னை அண்ணன் என்கிறார். மரியாதை. சாமி என்பது என் பெயர் இல்லை. பணி அனுமதிக் கோப்பில் இராமலிங்கம் முன்னாலும் அப்பா பெயர் கோவிந்தசாமி கடைசியிலும் இருக்கிறது. கடைசிச் சொல்தான் கூப்பிடும் பெயர் இங்கே. பதினோரு ஆண்டுகளாக என் அப்பாவின் பாதிப் பெயரில் நடமாடுகிறேன்.

எனக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாமிய மொழியில் கேட்டேன். "கம்ப்ரசர் ஏன் நின்னுது?"

"மதியம் ஆச்சே."

"மதியம்னா?"

"எல்லாரும் படுத்திருக்காங்க. அந்தச் சத்தத்துல பொணம்தான் தூங்கும். பன்னெண்டுக்கு நிறுத்துவேன், ஒண்ணேகாலுக்குப் போடுவேன். நீங்க வர்றதுக்குள்ள நம்பர் பழையபடி வந்துடும். ஒருநாளும் தவறுனதில்ல."

"எத்தனை நாளா?"

"மெஷின் வந்த நாள்லேர்ந்து." என் முகத்தைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "உங்களுக்குத் தெரியுமே, ஆன்."

"எனக்கா?"

நகலுக்காக நான் திறந்து வைத்திருந்த பழைய நோட்டை அவர் தன் பக்கம் திருப்பி மூன்று சுழிகளையும் விரலால் தொட்டார். "நீங்களே எழுதியிருக்கீங்களே. பன்னெண்டு, பன்னெண்டரை, ஒண்ணு. சுருண்டு படுத்த பூனை மாதிரி. நாங்க பூனைக் குறின்னுதான் சொல்லுவோம். மெஷின் தூங்குதுன்னு எழுதி வெச்சிருக்கீங்கன்னு நினைச்சோம்."

"ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?"

அவர் கதவைப் பார்த்தார். அங்கே வந்த முதல் வாரம் நான் அகராதி பார்த்து எழுதி ஒட்டிய அட்டை இருந்தது. 'தொடாதே.' ஊரில் எல்லா ஆய்வகக் கதவிலும் இருக்கும் அட்டைதான். தயவுசெய்து இல்லை, அண்ணன் அக்கா என்ற விளி இல்லை. நாயை விரட்டும்போது இப்படித்தான் சொல்வார்கள் என்று என் மகள் எட்டு வயதில் ஒருமுறை சொல்லிச் சிரித்தாள். நான் எடுக்கவில்லை. அவர்களும் கிழிக்கவில்லை. அதன் பிறகு அந்த அறையைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் பேசவில்லை, அவ்வளவுதான்.

எப்போதும் போலவே விடச் சொன்னேன். 12.30க்கு 31.0. 1.00க்கு 27.4. 1.15க்கு அவர் கம்ப்ரசரைப் போட்டார். 1.30க்கு 58.3.

விஷயம் இதுதான். மெதுவாகக் கடக்க வேண்டிய வாசலை என் பொருள் மதியம்தோறும் தலைகுப்புற விழுந்து கடந்திருக்கிறது. கலைந்து விழுந்தபடியே பூட்டிக்கொண்டது. மறுபடி 58.3க்குச் சூடேறியபோது பெரும்பகுதி உருகிக் காந்தத்தின் பக்கம் திரும்பிவிட்டது. உருகாத மிச்சம் ஆறில் ஒரு பங்கு. சுவரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருநாளாவது பத்து மணிக்கு ஆரம்பித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் நாற்பத்தொரு நாளும் எட்டு மணிக்கே ஆரம்பித்தேன். என் ஒழுங்குதான் அந்தத் தவறை ஒவ்வொரு முறையும் அதே அளவில் அச்சடித்துக் கொடுத்தது.

சுவரை ஒட்டி நிற்பவை பணிவதில்லை. அந்த வாக்கியத்தில் என்னைப் பற்றியும் ஏதோ இருப்பதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

4

2.30க்குத் துறைத்தலைவர் குவாங்கிடம் போனேன். முப்பத்தொன்பது வயது, வெளிநாட்டில் படித்தவர், என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். மேசையில் என் பணி அனுமதிக் கோப்பு இருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நான் நிபுணன் என்று நிரூபிக்க வேண்டும். பட்டச் சான்றிதழுக்குச் சான்று, அந்தச் சான்றுக்கு முத்திரை, முத்திரைக்கு மொழிபெயர்ப்பு, காவல்துறைச் சான்று, மார்பு எக்ஸ்ரே. கோப்பு வியாழக்கிழமை போக வேண்டும். 'சாதனைகள்' என்ற பக்கத்தில் முதல் வரி அந்தக் கட்டுரை. இரண்டாவது வரி இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"கம்ப்ரசர யார் நிறுத்துனது?"

"ஹான். ஆனா அது—"

"அனுமதி வாங்கினாங்களா?"

"இல்ல."

"அப்ப சரியாப்போச்சு. உதவியாளர் அனுமதி இல்லாம கருவிய நிறுத்திட்டாங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அது பொய் இல்லையே? கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பறோம். உங்க பேரு கெடாது. கோப்பு வியாழக்கிழமை போகும்."

"ஹான்?"

"அவங்க கான்ட்ராக்ட் டிசம்பர்ல முடியுது." பேனாவை மூடி வைத்தார். "புதுப்பிக்க மாட்டோம். சண்டை சச்சரவு இருக்காது."

"நோட்டுல மேற்படின்னு எழுதியிருக்கேன், சார். பார்க்காமலே எழுதியிருக்கேன்."

குவாங் நோட்டை வாங்கி அந்தச் சுழியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் கொடியவர் இல்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

"இத இங்க யாராலயும் படிக்க முடியாது, டாக்டர். ஐரோப்பாவுலயும் முடியாது. இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க சொல்றதுதான். 'அளவு எடுக்கவில்லை'ன்னு சொல்லுங்களேன். யார் கேக்கப் போறாங்க?"

பதினோரு ஆண்டுகளில் என் மொழி எனக்கு இந்த ஊரில் ஒரு காரியத்துக்கும் பயன்பட்டதில்லை. முதல்முறையாகப் பயன்பட வந்தது, இதற்கு.

காலையில் கையெழுத்திடுவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நான் தாழ்வாரத்தில் நடக்கும்போது அவர் ஹானை போனில் கூப்பிடுவது கேட்டது.

5

6.15க்கு சாரதாவோடு த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில். சந்திர மாத முதல் நாள் கூட்டம். தமிழ் முகம் எங்களோடு சேர்த்து நான்கோ ஐந்தோ. மற்றதெல்லாம் இந்த ஊர்க்காரர்கள். பின்பக்கக் கருங்கல் சுவரில் நெற்றியையும் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, வேண்டுதலைக் கல்லுக்குள் முணுமுணுப்பார்கள். நம் ஊரில் இல்லாத வழக்கம். அதையும் நான் இளக்காரமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக நின்றவர் ஹான். வீடு சோலோனில், பஸ் பிடித்து வந்திருக்க வேண்டும். நெற்றியை எடுத்துத் திரும்பியபோது எங்களைப் பார்த்துவிட்டார். நெற்றியில் கல்லின் ஈரம்.

"உங்க அம்மன்கிட்டதான் சொல்லிட்டு வரேன், ஆன் சாமி. உங்க பாஷை வராது. எங்க பாஷையிலயே சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"டிசம்பர்னு சொன்னேன்" என்றார். சாரதாவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

வீட்டில் மகள் நிலா. பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. ஆறு வயதில் வந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் பாதி நேரம் வியட்நாமிய மொழியில் பதில் வரும். கனவும் அதில்தான் என்கிறாள். நடந்ததைச் சொன்னேன்.

"அப்பா, ஸ்கூல்ல கூட மத்தியானம் லைட்ட அணைச்சுட்டு எல்லாரும் படுப்போம். ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து. நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"நீ சொன்னதில்லையே."

"நீங்க கேட்டதில்லையே."

குவாங் கேட்ட ஒரு பக்கத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் வியட்நாமிய மொழியில் தட்டச்சு செய்தாள். 'நாற்பத்தொரு நாட்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரை, ஒன்று ஆகிய நேரங்களில் நான் ஆய்வகத்தில் இல்லை. இருந்து பார்த்தவன் போல எழுதினேன். இத்துடன் உள்ள குறிக்கு, மேல் வரியில் உள்ளது போலவே என்று பொருள். மதியம் கம்ப்ரசர் நிற்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். கேட்காதவன் நான் ஒருவனே. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.'

தட்டச்சு நின்றது.

"இத குடுத்தா பர்மிட் வராது, இல்லப்பா?"

"வராமப் போகலாம்."

"எனக்கு கடைசி வருஷம்."

"தெரியும்."

"ஹான் பெரியம்மாவுக்கு வேற வேலை கிடைக்கும். அவங்க ஊரு இது." சொல்லிவிட்டு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "அம்பத்தஞ்சு வயசு. கிடைக்காது." கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "நீங்களும் அம்மாவும் வேணா போங்க. நான் வரமாட்டேன். காரைக்கால்ல எனக்கு யாரத் தெரியும்?"

அடுப்படியிலிருந்து சாரதா சொன்னாள்: "அவ வரமாட்டா, நீங்க மாத்தி எழுத மாட்டீங்க. நடுவுல நான் யாரு கையப் பிடிச்சுட்டு நிக்கிறதுன்னு ரெண்டு பேருமா சேர்ந்து சொல்லுங்க."

மதியம் பிசைந்த தயிர்சாதம் புளித்திருந்தது, நான் சாப்பிட்டேன்.

நிலா தட்டச்சை முடித்தாள். கடிதத்தின் தலையில் நான் சொல்லாத ஒரு வரியைச் சேர்த்திருந்தாள். மதிப்புக்குரிய அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் என்று. நான் அதை எடுக்கச் சொல்லவில்லை.

"அந்தப் பூனைய எப்படி டைப் பண்றது?" என்று கேட்டாள்.

"இடம் விட்டுடு. கையால போட்டுக்கிறேன்."

6

ஆகஸ்ட் 23, புதன்கிழமை. 5.10க்கு எழுந்தேன். 6.50க்குக் கடிதத்தைக் குவாங்கின் கதவடியில் தள்ளினேன். முழுவதும் உள்ளே போகும்வரை விரலால் தள்ளினேன்.

6.55க்கு ஆய்வகம். பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக நைட்ரஜன் அளவைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் நோட்டை எடுத்தேன். முதல் குளிர்விப்பு, பன்னிரண்டு மணி வரி. சிவப்புப் பேனாவால் சுழியை அடித்து, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதி, இன்றைய தேதியும் கையெழுத்தும் போட்டேன். பிறகு பன்னிரண்டரை. பிறகு ஒன்று. இன்னும் நூற்றிருபது வரிகள் இருந்தன.